சிவப்புப் புள்ளிக்கு எத்தனை மீட்டர்?

போன மாசம் குரோம்பேட்டையில சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பையன் பிளஸ் டூ முடிச்சுட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கான். சோபாவுல குப்புறப் படுத்து, போன்ல பிஜிஎம்ஐ ஆடிக்கிட்டிருந்தான். கேம்ல கிடைச்ச துப்பாக்கி மேல ஒரு ரெட் டாட் மாட்டினான். கண்ணாடிக்குள்ள ஒரு சிவப்புப் புள்ளி தெரிஞ்சது. புள்ளிய ஒருத்தன் மேல வெச்சான், தட்டினான், அவன் விழுந்தான்.

"அண்ணா, நீங்க என்.சி.சி.ல சுட்டிருக்கீங்கல்ல? நிஜத்துலயும் இப்படித்தானா? புள்ளி எங்க இருக்கோ அங்கயே போய் அடிக்குமா?"

"அது எத்தன மீட்டருக்கு ஜீரோ பண்ணியிருக்கோம்ங்கறதப் பொறுத்ததுடா."

"சரி, எத்தன மீட்டருக்குப் பண்ணணும்?"

வாயைத் திறந்தேன், பதில் வரலை. வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் படிச்சேன். இன்னைக்கு எபிசோடு அந்தப் பதில்தான். நடுவுல கடலூருக்குப் போவோம், பரங்கிமலை அடிவாரத்துக்குப் போவோம், லண்டன் மேல வானத்துல கொஞ்ச நேரம் பறப்போம். கடைசியில புதுக்கோட்டைக்கும் போக வேண்டியிருக்கு.

முதல்ல அடிப்படை. இதுல ஒண்ணும் பெரிய கணக்கு இல்ல.

நீங்க புள்ளி வழியா பாக்குறீங்க. ஒளி நேர்கோட்டுல வரும். ஆனா தோட்டா நேர்கோட்டுல போறதில்ல. குழலை விட்டு வெளிய வந்த அந்த நொடியிலிருந்தே அது கீழ விழ ஆரம்பிச்சிடுது. கிரவுண்டுல பவுண்டரியிலிருந்து கீப்பருக்குப் பந்து எறியறவன் கீப்பரோட கையைப் பாத்து எறிய மாட்டான், அவன் தலைக்கு மேல பாத்து எறிவான். துப்பாக்கியிலும் அதேதான். இன்னொரு விஷயம், சைட் குழலுக்குள்ள இல்ல, அதுக்கு மேல உக்காந்திருக்கு. இன்றைய பல ரைஃபிள்களில் இந்த உயரம் சுமார் ஆறரை சென்டிமீட்டர். அதனால பார்வைக் கோட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பற தோட்டா அந்தக் கோட்டைத் தொடணும்னா, குழல் ஒரு துளி மேல் நோக்கி இருந்தாகணும்.

அப்போ என்ன நடக்கும்? தோட்டா கோட்டுக்குக் கீழே ஆரம்பிக்குது. கொஞ்ச தூரத்துல கோட்டை வெட்டிக்கிட்டு மேலே போகுது. அப்புறம் வளைஞ்சு இறங்கி, இன்னொரு இடத்துல திரும்பக் கோட்டை வெட்டுது. மொத்தம் ரெண்டே ரெண்டு இடம். அந்த ரெண்டு இடத்துல மட்டும்தான் புள்ளியும் தோட்டாவும் ஒண்ணா இருக்கும். மத்த எல்லாத் தூரத்திலும் புள்ளி ஓர் இடத்தைக் காட்டும், தோட்டா அதுக்கு மேலயோ கீழயோ போகும். சைட்டுல இருக்கிற சின்னத் திருகுகளைத் திருப்பி, அந்த வெட்டுற இடத்தை எந்தத் தூரத்துல வைக்கிறதுன்னு நாமதான் முடிவு பண்றோம். அதுக்குப் பேர்தான் ஜீரோயிங்.

இதை நான் புத்தகத்துல படிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஹவில்தார் சார் வாயால கேட்டிருக்கேன். தாம்பரத்துல காலேஜ் படிச்சப்போ எங்களை ஃபயரிங்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பாயின்ட் டூ டூ ரைஃபிள், 25 மீட்டர், தரையில படுத்து அஞ்சு ரவுண்டு. என் பேப்பரைப் பாத்தா அஞ்சு ஓட்டையும் ஒரு பிஸ்கட் அளவுக்குள்ள இருக்கு, ஆனா மொத்தமும் இடது கீழ் மூலையில. நான் அவமானத்துல நின்னேன். அவர் பேப்பரைத் தூக்கிப் பாத்துட்டு, "குரூப்பிங் நல்லா இருக்கு தம்பி. நீ சரியாத்தான் பாக்குற, துப்பாக்கி வேற எங்கயோ பாக்குது"ன்னார். அஞ்சு குண்டு ஒரே இடத்துல விழுறது சுடுறவனோட வேலை. அந்த இடம் எங்க இருக்கணும்ங்கறது ஜீரோவோட வேலை. இது புரியாம ஒவ்வொரு குண்டுக்கும் குறியை மாத்திக்கிட்டே இருந்தா ரெண்டும் கெட்டுப் போகும்.

சரி, தோட்டா வளைஞ்சு போகுதுன்னு மனுஷனுக்கு எப்போ ஒழுங்காத் தெரிஞ்சது? இங்கதான் கடலூர் வருது.

பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறந்தவர். பெற்றோர் குவேக்கர்கள், அதாவது ஆயுதம் எடுக்கறதையே பாவம்னு நினைக்கிற கிறிஸ்தவப் பிரிவு. அந்த வீட்டுப் பிள்ளை துப்பாக்கிக் கணிதத்தின் தந்தை ஆனார். அவருக்கு முன்னாடி பீரங்கிக்காரங்க நம்பிக்கிட்டிருந்தது, காற்றோட தடை ஒண்ணும் பெருசில்ல, குண்டு அழகான பரவளையத்துல போகும்னு. ராபின்ஸ் இதைச் சோதிச்சுப் பாக்க ஒரு ஊஞ்சல் செஞ்சார். ஒரு கனமான மரப்பலகையைத் தொங்கவிட்டு, அதுல குண்டைச் சுட்டார். குண்டு பலகைக்குள்ள புதைஞ்சதும் பலகை பின்னாடி ஆடும். எவ்வளவு தூரம் ஆடுச்சுன்னு பலகையில கட்டின ஒரு ரிப்பன் காட்டிக் கொடுக்கும். அதிலிருந்து குண்டோட வேகம். மஸ்கெட் குண்டு நொடிக்கு 1,600, 1,700 அடி வேகத்துல கிளம்புதுன்னு இப்படித்தான் கண்டுபிடிச்சார். பலகையைத் தள்ளி வெச்சுச் சுட்டா வேகம் எவ்வளவு குறையுதுன்னும் தெரிஞ்சது. காற்றோட தடை சின்ன விஷயமே இல்ல. வேகமாப் போற பீரங்கிக் குண்டு மேல அது குண்டோட எடையைவிட இருபது மடங்குக்கும் மேல இருக்கலாம்.

1742-ல் இதையெல்லாம் ஒரு புத்தகமாப் போட்டார். மூணு வருஷத்துல ஆய்லர், ஆமா, கணக்குப் புத்தகத்துல வர்ற அதே ஆய்லர், அதை ஜெர்மனில மொழிபெயர்த்து, தன்னோட குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். 1746-ல் ராயல் சொசைட்டி ராபின்ஸுக்கு காப்ளி பதக்கம் கொடுத்தது.

எனக்குப் பிடிச்சது அவரோட இன்னொரு சோதனை. ஒரு மஸ்கெட்டோட முனையை வேணும்னே இடது பக்கம் கொஞ்சம் வளைச்சார். வரிசையா மெல்லிசு காகிதத் திரைகளைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு முதல்ல இடது பக்கம் போச்சு, அப்புறம் திரும்பி வலது பக்கம் வளைஞ்சது. காகிதத்துல இருந்த ஓட்டைகள் சாட்சி. குழலோட சுவர்ல உரசி வர்ற குண்டு சுழலும், சுழற்சி அதை ஒரு பக்கமா இழுக்கும். ஸ்விங் பாக்கறவங்களுக்கு இது அதிசயமா இருக்காது. 1747-ல் அவர் சொன்னது இன்னும் முக்கியம்: குழலுக்குள்ள திருகுபோல் பள்ளம் போட்ட ரைஃபிளை எந்த நாடு முழுசாப் புரிஞ்சுக்கிட்டுத் தன் படைக்குக் கொடுக்குதோ, அந்த நாடு மத்தவங்களை மிஞ்சும். அது நடக்க நூறு வருஷம் ஆச்சு.

அந்த மனுஷன் 1750 ஜூலையில் நம்ம கரையில வந்து இறங்கினார். காரணம், 1746-ல் பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சது. ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்துட்டாங்க, ஆனா கம்பெனிக்கு அடி வயித்துல பயம். தலைமையிடத்தைக் கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாத்தியிருந்தாங்க. கோட்டைகளைப் பலப்படுத்த கம்பெனியோட தலைமைப் பொறியாளரா ராபின்ஸை அனுப்பினாங்க. வந்த ஒரே வருஷத்துல, 1751 ஜூலை 29, காய்ச்சல்ல அங்கேயே இறந்துட்டார். வயசு 44. அவர் பலப்படுத்த வந்த கோட்டையை 1758-ல் லாலியோட பிரெஞ்சுப் படை பிடிச்சு இடிச்சுத் தள்ளியது. இன்னைக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போய் செல்ஃபி எடுக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே போன மாசம்தான் தெரியும். இதுல ஒரு சின்ன சந்தோஷம்: 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல உலகக் கோப்பைத் தங்கம் ஜெயிச்ச இளவேனில் வாலறிவன் பிறந்ததும் கடலூர்தான். அவங்க போட்டியில தூரம் எப்பவும் அதே 10 மீட்டர், அதனால தூரம் எதுன்னு தேர்ந்தெடுக்கற தலைவலி கிடையாது.

அந்தத் தலைவலி தூரம் தெரியாதவங்களுக்குத்தான். தூரத்தை அளக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்சுக்க நம்ம ஏரியாவை விட நல்ல இடம் கிடையாது.

தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டினா பரங்கிமலை. பழைய மெட்ராஸ் பீரங்கிப் படையோட தலைமையிடம் இதுதான். இப்போ அதே பரங்கிமலையில ஓ.டி.ஏ. இருக்கு. 1962 சீனப் போருக்கு அப்புறம் அதிகாரிகள் போதலைன்னு 1963 ஜனவரியில் அவசரமா ஆரம்பிச்ச பள்ளி அது. 1988-ல்தான் இப்போதைய பேர் வந்தது. ஆனா நான் சொல்ல வந்தது இவங்க யாரையும் இல்ல. 1802 ஏப்ரல் 10-ந் தேதி வில்லியம் லாம்ப்டன் இந்த மலையடிவாரத்துல ஒரு சங்கிலியோட நின்னார். நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளுக்குள்ள கிடத்தி, முக்காலிகள் மேல மட்டம் பாத்து வெச்சு, வெயில்ல எவ்வளவு நீளுதுன்னு தெர்மாமீட்டர் வெச்சுக் கணக்குப் போட்டு, பெரும்பாக்கம் குன்று பக்கம் வரைக்கும் ஏழரை மைல் அளந்தார். சங்கிலியைச் சுமார் 400 தடவை கிடத்தியிருக்காங்க, அதுவும் சித்திரை வெயில்ல. இந்த ஒரு கோட்டை வெச்சுத்தான் அப்புறம் முக்கோணம் முக்கோணமா இமயமலை வரைக்கும் போனாங்க.

ஏன் ஏழரை மைலுக்கு இவ்வளவு பாடு? ஆரம்பத்துல ஒரு அங்குலம் தப்பினா, தூரம் போகப் போக அது பல மடங்கா பெருகும். இதை மனசுல வெச்சுக்குங்க, ஜீரோவுல இதே சிக்கல் திரும்ப வரும்.

ராபின்ஸ் சொன்ன ரைஃபிள் காலம் 1850-களில் வந்தது. 1853 மாடல் என்ஃபீல்டு. பேர் கேட்டதும் உங்களுக்கு ஸ்கூல் புத்தகம் ஞாபகம் வரும்: கொழுப்பு தடவின தோட்டா உறை, மீரட், 1857. அந்தத் துப்பாக்கின்னா எல்லாருக்கும் உறைதான் ஞாபகம், அதோட சைட்டைப் பத்தி யாரும் பேசறதில்ல. பின் சைட்டுல 100 கெஜத்திலிருந்து 400 கெஜம் வரைக்கும் படிப்படியா இருக்கும். அதுக்கு மேலே வேணும்னா ஒரு சின்ன ஏணியைத் தூக்கி நிறுத்தணும், அது 900 கெஜம், சில மாடல்ல அதுக்கும் மேலே போகும். அதோட குண்டு கனம், வேகம் கம்மி, வளைவு அதிகம். 600 கெஜத்துக்கு வெச்சுச் சுட்டா நடுவழியில நிக்கிற ஆளோட தலைக்கு ரொம்ப மேல பறந்துடும். அதனால இங்கிலாந்துல ஹைத்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச துப்பாக்கிப் பள்ளியில சிப்பாய்களுக்குச் சுடறதோட சேர்த்து இன்னொண்ணையும் பாடமா வெச்சாங்க: வெறும் கண்ணால தூரம் மதிப்பிடறது. எதிர்ல நிக்கிற மனுஷனோட முகம் தெரியுதா, பட்டன் தெரியுதான்னு பாத்துத் தூரம் சொல்லணும்.

பயத்துல இருக்கிற ஆள் தூரத்தைச் சரியாச் சொல்ல மாட்டான். புகை, சத்தம், ஓட்டம். ஏணியைத் தூக்கி நிறுத்த எவனுக்கு நேரம்? அதனால ஒரே ஒரு தூரத்துக்கு வெச்சுட்டு அதோட விட்டுடுங்கற எண்ணம் மெதுவா வலுத்தது. அப்போ கேள்வி மாறுது. எந்த ஒரு தூரம்?

இதுக்கு வரலாற்றுல கிடைச்ச நேர்மையான பதில் ரைஃபிள்காரங்ககிட்ட இருந்து வரலை, விமானிகள்கிட்ட இருந்து வந்ததுன்னு நினைக்கிறேன். அதுக்கு முன்னாடி ரெட் டாட்டோட தாத்தாவைச் சொல்லணும். 1900-ல் டப்ளின்ல ஹோவர்ட் கிரப்னு ஒரு தொலைநோக்கி செய்யறவர் ஒரு காப்புரிமை வாங்கினார். ஒரு கண்ணாடியில ஒளிக்குறியைப் பிரதிபலிக்க வெச்சு, அது ரொம்பத் தூரத்துல மிதக்கிற மாதிரி காட்டறது. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் குறி இலக்கு மேலேயே நிக்கும். முன் சைட், பின் சைட், இலக்குன்னு மூணையும் ஒரே கோட்டுல கொண்டுவர்ற பாடு இல்ல. கிரப் கம்பெனி செஞ்ச 20 அங்குலத் தொலைநோக்கி ஒண்ணு புனேவிலிருந்து 1912-ல் நம்ம கொடைக்கானலுக்கு வந்தது. அது வேற கதை, விட்டுடறேன்.

கிரப்போட எண்ணம் முதல்ல பெரிய அளவுல பயன்பட்டது போர் விமானங்கள்லதான். 1940. ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களோட ரெண்டு இறக்கையிலயும் சேர்த்து எட்டு பிரௌனிங் துப்பாக்கி. விமானிக்கு முன்னாடி கண்ணாடியில ஒரு ஒளி வளையம், நடுவுல புள்ளி. துப்பாக்கிகள் இறக்கையில பல அடி தள்ளி இருக்கு, அதனால எல்லாத்தையும் லேசா உள்பக்கமாத் திருப்பி, முன்னாடி ஏதோ ஒரு தூரத்துல குண்டுகள் ஒண்ணு சேர்ற மாதிரி வைக்கணும். ஜீரோ பண்றதேதான். விமானப்படையில ஹார்மனைசேஷன்னு சொல்வாங்க. போர் விமானப் பிரிவோட தலைவர் டவுடிங் கட்டளைப்படி அந்தத் தூரம் 400 கெஜம். அதுல நியாயம் இருந்தது. எதிரி பாம்பரோட துப்பாக்கிக்குக் கொஞ்சம் எட்டத்துல இருந்தே சுடலாம். சுமாராச் சுடறவனுக்கும் குண்டுகள் பரவலாப் போய் ஏதாவது ஒண்ணு படும்.

போர் ஆரம்பிச்சதும் தெரிஞ்சது, படுது, ஆனா விழலை. 400 கெஜத்துல அந்தக் குண்டுகளோட வலு சிதறிடுது. பிரான்ஸுக்குப் போயிருந்த சில ஸ்குவாட்ரன்காரங்க தாங்களே ஆயுதப் பராமரிப்புக்காரங்களைக் கூப்பிட்டு 250 கெஜத்துக்கு மாத்திக்கிட்டாங்க. அப்புறம் மத்தவங்களும் அதுக்கே வந்தாங்க.

150 கெஜம் கம்மி. சொல்லும்போது சின்ன எண். ஆனா அந்தத் திருகைத் திருப்பின விமானி, தான் அவ்வளவு கிட்டப் போகணும்னு ஒத்துக்கறான். எதிரியோட பின்பக்கத் துப்பாக்கிக்காரனுக்கும் அப்போ அவன் அவ்வளவு கிட்ட இருப்பான். ஆபீஸ்ல உக்காந்து தூரம் முடிவு பண்றதுக்கும், காக்பிட்ல உக்காந்து பண்றதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 150 கெஜம்.

இப்போ நம்ம சிவப்புப் புள்ளி. 1975-ல் ஸ்வீடன்ல எய்ம்பாயின்ட் கம்பெனி ஒரு எல்.இ.டி.யை வெச்சு, துப்பாக்கி மேல மாட்டற முதல் எலெக்ட்ரானிக் ரெட் டாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேட்டைக்காரங்க முதல்ல வாங்கினாங்க; 1990-களோட கடைசியில அமெரிக்க ராணுவம் தன் ரைஃபிள்கள்ல மாட்ட ஆரம்பிச்சது. நம்ம ராணுவத்துக்கு அமேதி பக்கத்துல கோர்வாவில 6 லட்சத்துக்கும் மேல தயாரிக்கிற ஏ.கே. 203 ரைஃபிள்லயும் மேல சைட் மாட்ட ரெயில் இருக்கு.

சித்தி பையனோட கேள்விக்கு வந்துட்டோம். பொதுவா மூணு தூரம் அடிபடும். நான் சொல்ற எண்கள் எல்லாம் தோராயம், 5.56 தோட்டா, ஆறரை சென்டிமீட்டர் உயர சைட். குழல் நீளம், தோட்டா எடை மாறினா இதுவும் மாறும்.

25 மீட்டர்ல ஜீரோ பண்ணா, தோட்டா ரெண்டாவது தடவை கோட்டை வெட்டறது 300 மீட்டரையும் கொஞ்சம் தாண்டி. அமெரிக்க ராணுவம் ரொம்ப காலமா 25 மீட்டர் பேப்பர்ல சுட்டு 300-க்கு செட் பண்ணது இந்த வழியிலதான். ஆசை காட்டற ஏற்பாடு, ஏன்னா 25 மீட்டர் ரேஞ்சை ஒரு கல்யாண மண்டப நீளத்துல கட்டிடலாம். ஆனா ரெண்டு விலை உண்டு. நடுவுல, 200 மீட்டர் பக்கத்துல, தோட்டா ஒரு சாண் அளவுக்கு மேலே போகும். இன்னொண்ணு, லாம்ப்டன் பயந்த விஷயம். 25 மீட்டர்ல நீங்க ஒரு சென்டிமீட்டர் தப்பா செட் பண்ணா, 300 மீட்டர்ல அது 12 சென்டிமீட்டர். அதனாலதான் கிட்டத்துல செட் பண்ணதை நிஜமான தூரத்துல ஒரு தடவை சுட்டுச் சரிபாக்காம விடக்கூடாதும்பாங்க.

100 மீட்டர்னா கதை தலைகீழ். தோட்டா கோட்டுக்கு மேலே போகறதே கிட்டத்தட்ட இல்ல, தொட்டுட்டு இறங்கிடும். மனசுல வெச்சுக்கறது சுலபம்: எங்கேயும் மேலே அடிக்காது. 200-ல் சுமார் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் கீழே. 300-ல் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி.

50 மீட்டர் ரெண்டுக்கும் நடுவுல. ரெண்டாவது வெட்டு 200 மீட்டருக்குப் பக்கத்துல வரும். நூறு மீட்டர்ல மூணு, நாலு சென்டிமீட்டர் மேலே, அவ்வளவுதான். 200 வரைக்கும் ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். 300-ல் ஒரு சாண் கீழே. ரெட் டாட்டுல உருப்பெருக்கம் கிடையாது. சாதாரணமா வர்ற ரெண்டு நிமிடக் கோண அளவுப் புள்ளியே 200 மீட்டர்ல 12 சென்டிமீட்டர் அகலத்தை மறைச்சிடும். அதனால அதுக்கு மேலே ரொம்ப ஆசைப்படறதுல அர்த்தமில்ல. நிறைய பேர் 50-க்கு வந்து நிக்கறதுக்கு இதுதான் காரணம். என் ஓட்டும் அதுக்குத்தான்.

எல்லாருக்கும் மறந்து போற இடம் ஒண்ணு இருக்கு: ரொம்பக் கிட்டம். அறைக்குள்ள, 10 மீட்டர்ல, 50-க்கு ஜீரோ பண்ண தோட்டா புள்ளிக்கு அஞ்சு சென்டிமீட்டர் கீழே போகும். கேம்ல சுவர் ஓரமா எட்டிப் பாத்துச் சுடறீங்களே, நிஜத்துல அப்படி ஒரு நிலைமையில புள்ளி சுவருக்கு மேல தெரியும், தோட்டா சுவர்ல போய் அடிக்கும். பணயக்கைதி யாராவது நடுவுல இருந்தா அந்த அஞ்சு சென்டிமீட்டர் ஓர் உயிர். அதனால நகரத்துல வேலை பாக்கிற கமாண்டோவுக்கு, ஜீரோ எத்தனை மீட்டர்ங்கறதை விட, கிட்டத்துல எவ்வளவு கீழே போகும்ங்கறது கையில ஊறிப் போயிருக்கணும்.

இதோட எபிசோடை முடிச்சிருக்கலாம். முடிக்க முடியலை.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கத்துத் துப்பாக்கிச் சுடும் தளத்துல மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைக்காரங்க பயிற்சியில இருந்தாங்க. தளத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, தாத்தா வீட்டுல 11 வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான். வழி தவறின தோட்டா ஒண்ணு அவன் தலையில பாஞ்சது. 2022 ஜனவரி 3-ந் தேதி அவன் இறந்துட்டான். தளத்தை மூடணும்னு ஊர்க்காரங்க போராடினாங்க.

இவ்வளவு நேரம் நாம பேசின ரெண்டு வெட்டுற இடமும் கண்ணுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான ஏற்பாடு. தோட்டாவுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. 50-ஐத் தாண்டும், 200-ஐத் தாண்டும், போய்க்கிட்டே இருக்கும். நான் என்.சி.சி.ல 25 மீட்டர்ல பேப்பரைச் சுட்டேனே, அந்தக் குட்டி பாயின்ட் டூ டூ தோட்டாவே தடை எதுவும் இல்லேன்னா ஒரு மைல் வரைக்கும் போகலாம்னு தோட்டாப் பெட்டி மேலயே எச்சரிக்கை போடுவாங்க. ராணுவ ரைஃபிள் தோட்டா அதைவிட ரொம்ப தூரம். அதனாலதான் ரேஞ்சுகளை மலையடிவாரமாப் பாத்து அமைக்கறது வழக்கம், டார்கெட்டுக்குப் பின்னாடி மண்மேடு எழுப்பறாங்க, அதுக்கும் பின்னாடி பல கிலோமீட்டருக்கு யாரும் போகக்கூடாத பகுதின்னு ஒண்ணு வரையறாங்க. மேல் நோக்கி ஒரு சின்னக் கோணப் பிசகு, ஒரு கல்லுல பட்டுத் தெறிக்கறது, இந்த ரெண்டையும் எந்த ஜீரோவும் தடுக்காது. மண்மேடுதான் தடுக்கும், அது போதுமான உயரத்துல இருந்தா.

நம்ம பக்கமும் ரேஞ்சுகள் இருக்கு. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி அனுமந்தபுரம், இந்தப் பக்கம் ஒத்திவாக்கம். அமைக்கும்போது சுத்தி ஏரியும் புதரும் வயலுமா இருந்த ஊர்கள். இன்னைக்கு வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர்னு ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அபார்ட்மென்ட் விளம்பரம். ரேஞ்சு இருக்கற இடத்துலயேதான் இருக்கு, ஊர்தான் அதைப் பாத்து நடந்து வருது. மனை வாங்கப் போறவங்க தண்ணி வசதி கேக்கறாங்க, ஸ்கூல் கேக்கறாங்க. அந்த மலைக்குப் பின்னாடி என்னன்னு யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. இங்க ஒரு தளத்தோட பாதுகாப்பு எல்லையை எந்த வருஷம் கடைசியா அளந்தாங்கங்கற தகவல் ஊராட்சி அலுவலகச் சுவர்ல ஒட்டியிருக்கணும்ங்கறது என் கருத்து. லாம்ப்டன் ஒரு சங்கிலியையும் தெர்மாமீட்டரையும் வெச்சு ஏழரை மைல் அளந்த ஊர் இது. நமக்கு ஜி.பி.எஸ். இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை திரும்ப சித்தி வீட்டுக்குப் போனேன். இந்தக் கதை முழுக்க சொன்னேன். ராபின்ஸோட வளைஞ்ச குழல் அவனுக்குப் பிடிச்சது. 50 மீட்டர்னு சொன்னதும், கேம்ல அதை மாத்த முடியுமான்னு செட்டிங்ஸ்ல தேட ஆரம்பிச்சுட்டான். பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் அவன் ஆடறதைப் பாத்தேன். நாலு குண்டு சுட்டான், மூணு தப்பிப் போச்சு.

"டேய், அந்த மூணும் எங்க போச்சு?"

"தெரியலண்ணா. மறைஞ்சிடும்."

லாம்ப்டனோட சங்கிலிக்குத் தனி எபிசோடு வேணும்னு சிலர் கேட்டிருக்கீங்க, பெரும்பாக்கம் வரைக்கும் ஒரு நாள் நடந்து பாத்துட்டு அதைப் பண்றேன்.